பதினஞ்சு கிலோமீட்டர் பியட்

நவக்கரை தம்பிதுரையின் காருக்கு ஊர் வைத்த பெயர் அதுதான். பதினைந்து கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும். அப்புறம் இருமும், குலுங்கும், நின்றுவிடும். சில நாள் அரை மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் சும்மா விட்டால் தானே கோபம் தணிந்து கிளம்பும். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைகூட இத்தனை முறுக்கிக்கொள்ள மாட்டான் என்று டீக்கடையில் சிரித்தார்கள். தம்பிதுரைக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபத்திரண்டு வருஷம் மில்லில் அறுந்த நூலை முடிந்தவன் அவன். மில் மூடி கணக்கு முடித்தபோது மற்றவர்கள் எருமை வாங்கினார்கள், தறி போட்டார்கள். இவன் பவானிக்குப் போய் ஒரு ஜமக்காள வியாபாரியிடம் பழைய பியட் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தான். திமிரைப் பார் என்றது ஊர். உண்மையில் அந்தக் கார் அவன் மனைவி ராசாத்தாளுக்காக வந்தது. அவளுக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன. புதனும் சனியும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். வீங்கிய காலை வைத்துக்கொண்டு பஸ் படி ஏற முடியாது. மிஷினோ ஒன்றே ஒன்று. பதினோரு மணி அவள் முறை. கால் மணி நேரம் தவறினால் வராந்தாவில் காத்திருக்கும் அடுத்த ஆள் படுத்துவிடுவார். அவருக்கும் உயிர்தானே.

கார் வந்த புதிதில் மணி மணியாக ஓடியது. ஆடி மாசத்தில்தான் நிற்க ஆரம்பித்தது. தம்பிதுரை ஏறாத ஒர்க்‌ஷாப் இல்லை. ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஒருவர் பெட்ரோல் பம்பையே மாற்றினார். இன்னொருவர் பம்பு சூடாகிறது என்று ஈரத்துணி சுற்றிவிட்டார். ஜமக்காள நூல்தான் டாங்கிக்குள் கிடந்து குழாயை அடைக்கிறது என்று ஒரு மேதாவி கண்டுபிடித்தார். வேலை ஆரம்பிக்கும் முன் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்: டாங்கி மூடியைத் திறந்து, குச்சி விட்டு, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்புறம் எதையோ முடுக்கினார்கள். வண்டி கிளம்பியது. தம் கைராசி என்று மீசையைத் தடவிக்கொண்டார்கள். அடுத்த பதினைந்தாவது கிலோமீட்டரில் அது மறுபடியும் நின்றது.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை நின்றபோது முறை போய்விட்டது. சனிக்கிழமை காலை ராசாத்தாளுக்கு முகம் ஊதி, கண் திறக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் தவறினால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் மிஷின் பார்க்கும் பாலகோபால் புதன்கிழமையே சொல்லியிருந்தான். சொல்லும்போது அவன் தம்பிதுரையின் முகத்தைப் பார்க்கவில்லை.

மதுக்கரையில் ரசாக் என்று ஒரு மெக்கானிக். தம்பிதுரை காரை அவன் ஒர்க்‌ஷாப் முன்னால் நிறுத்தி, கையெடுத்துக் கும்பிட்டான்.

"பாய், ரிப்பேர் ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. எங்ககூட வண்டில வந்து உக்காந்தாப் போதும். ஒர்க்‌ஷாப்புல நின்னா இது நல்ல புள்ளையாட்டம் இருக்குது. ரோட்டுலதான் உசுர எடுக்குது."

பின் சீட்டில் ராசாத்தாள் மூச்சு வாங்குவதை ரசாக் பார்த்தான். கடையை அப்படியே போட்டுவிட்டு, ஒரு ஸ்பேனரும் ஒரு பாட்டில் பெட்ரோலும் எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினான். எப்போதிலிருந்து நிற்கிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். இத்தனை மாதத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

சுகுணாபுரத்துக்கு முன்னால் வண்டி இருமியது. நின்றது. மணி பத்தே முக்கால்.

தம்பிதுரை இறங்கி நடுரோட்டுக்கு ஓடினான். பாலக்காட்டு பஸ் ஆரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது. சிமெண்ட் லாரிக்காரன் கையை விரித்தான். வந்த ஒரே ஆட்டோவில் ஆளுக்குப் பதில் கோழிக்கூடுகள் உட்கார்ந்திருந்தன. அவன் ஆட்டோவோடு கொஞ்ச தூரம் ஓடிக்கூடப் பார்த்தான். திரும்பி வந்தபோது ராசாத்தாள் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள்.

"ஏனுங்க, ஊட்டுக்கே போயரலாமுங்க. எனக்கு முடியல."

தம்பிதுரை பானெட்டுக்குள் குனிந்திருந்த ரசாக்கின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். ரசாக் டாங்கியிலிருந்து பம்புக்கு வரும் குழாயை உருவினான். அந்த இடத்தில் வேறொரு டியூபைச் சொருகி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். இரண்டு இழுப்பில் என்ஜின் பிடித்துக்கொண்டது.

"பம்பு நல்லாருக்குதுங்ணா. கார்புரேட்டரும் நல்லாருக்குது. டாங்கிதான் பெட்ரோல உட மாட்டேங்குது."

என்ஜினை அணைத்துவிட்டு வண்டியின் பின்பக்கம் போனான். டாங்கி மூடிக்குப் பக்கத்தில் காதை வைத்து மெதுவாகத் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்த சத்தம் தம்பிதுரைக்கே கேட்டது. உருவிய குழாயை ரசாக் பழையபடி சொருகி, ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். வண்டி கிளம்பியது.

"எண்ணெய் டின்னுல ரெண்டு ஓட்டை போடுவமல்லங்ணா? ஒண்ணு எண்ணெய் வரதுக்கு, ஒண்ணு காத்து போறதுக்கு. இந்த மூடில ஊசி நொழையற ஓட்டை ஒண்ணு இருக்கோணும். அதக் காணோம். மூடியத் தொறந்தாத்தான் காத்து போயி வண்டி கெளம்புது."

மூடியைக் கையில் திருப்பினான். மேலே சந்தனம் ஓடாகக் காய்ந்து அப்பியிருந்தது. அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடி சந்தனம். ஆடி முதல் வெள்ளியிலிருந்து வெள்ளி தவறாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, காருக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டவள் ராசாத்தாள். விளக்கு, கண்ணாடி, பெட்ரோல் ஊற்றும் வாய், ஒன்றையும் விடமாட்டாள். தன் உயிர் அந்த வண்டியில் ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

"யாருங்ணா இதுல சந்..." என்று ரசாக் ஆரம்பித்தான். தம்பிதுரையின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"என்னங்க பாய் அடைச்சிருக்குது?" என்றாள் ராசாத்தாள் உள்ளேயிருந்து.

"குப்பைங்கம்மா. ரோட்டுப் புழுதி. ஊக்கு இருந்தாக் குடுங்க."

அவள் வளையலில் கோத்திருந்த ஊக்கைத் தடவித் தடவி எடுத்து, ஜன்னல் வழியே நீட்டினாள். ரசாக் வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து, சந்தனத்தைச் சுரண்டி ஓட்டையைக் குத்தித் திறந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது பதினொன்று இருபத்தைந்து. வராந்தாவில் காத்திருந்த பெரியவர் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிவிட்டு மிஷின் பக்கத்தில் நின்றிருந்தார். பாலகோபால் சுவரைப் பார்த்தான். தம்பிதுரை ராசாத்தாளைத் தோளில் தாங்கி அப்படியே நின்றான். பெரியவர் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கழற்றிய சட்டையை எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, "நான் சாயங்காலம் படுத்துக்கறனுங்க" என்று பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராசாத்தாள் சந்தனக் கிண்ணத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இந்த வாரம் வண்டி நிற்கவே இல்லை, எல்லாம் கும்பிட்ட பலன் என்றாள். அங்கே வைக்காதே என்று சொல்ல தம்பிதுரைக்கு நாக்கு வரை வந்தது. சொன்னால் புதன்கிழமை முறை போனது யாரால் என்று அவள் எண்ண ஆரம்பித்துவிடுவாள். மூச்சு விடுவதே பாடாக இருக்கிறவளுக்கு அது எதற்கு? அவள் மூடியின்மேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

சனிக்கிழமை காலை அவளைப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, பெட்ரோல் பார்க்கிற மாதிரி அவன் வண்டிக்குப் பின்னால் போனான். வேட்டி மடிப்பிலிருந்து அந்த ஊக்கை எடுத்தான்.

"ஏனுங்க, அங்க என்ன பண்றீங்க? மணியாச்சுங்க."

"வாரேன் புள்ள," என்றான். ஈரச் சந்தனம் ஓட்டைக்குள் இறங்கியிருந்தது. ஊக்கின் முனை மறுபக்கம் வெளியே தெரிகிற வரைக்கும் குத்தினான்.