பின்னிக்குக் கிடைத்த கடைசி வசனம்

ஹொரேஸ் பின்னியின் முகத்தை இங்கிலாந்தில் தெரியாதவர் இல்லை. பெயரைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. மேடையிலும் சினிமாவிலும் அவருக்கு வாய்த்ததெல்லாம் பட்லர், போலீஸ்காரர், கல்யாணத்தில் ஓரமாக நிற்கும் மாமா. யாரும் உட்காரச் சொல்லாத வேஷங்கள். பஸ்ஸில் பெண்கள் உற்றுப் பார்த்து, "நீங்க எங்க மீன்கடைக்காரரோட அண்ணன்தானே?" என்பார்கள். "ஆமாம்மா" என்று தலையாட்டிவிடுவார். எதற்கு வீண் வம்பு?

அந்த மனிதருக்குத் தலை நரைத்தபின் ஒரு லண்டன் நாடகத்தின் கடைசி வசனம் கிடைத்தது. வீட்டை விற்றுவிட்டு எல்லோரும் போனபின், கிழட்டு பட்லர் தனியே நின்று அதைச் சொல்ல, திரை விழும்.

ஒத்திகையில் கடைசி வசனத்தை வாய்விட்டுச் சொன்னால் நாடகம் படுத்துவிடும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. மற்றவர்கள் அந்த நம்பிக்கையைக் கொட்டகையோடு விட்டுவிடுவார்கள். பின்னியோ வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை.

"எங்கிட்ட மட்டும் சொல்லேன், ஹொரேஸ். நான் என்ன பத்திரிகைக்காரியா?" என்று மனைவி எட்னா கெஞ்சினாள்.

"நாடகம் படுத்துச்சுன்னா நீதான் முதல்ல திட்டுவ."

அரங்கேற்ற நாள். கடைசியில் எஜமானியும் போனாள், கதவு மூடிக்கொண்டது. பின்னி நடுமேடைக்கு வந்து வாயைத் திறந்தார். வசனம் போன இடம் தெரியவில்லை. ஒருமுறைகூடச் சொல்லிப் பழகாத நாக்கு, தனக்குத் தெரிந்த வழியில் போனது. சாத்திய கதவுக்குக் குனிந்து வணங்கி, "சாப்பாடு தயார், அம்மா" என்றார்.

போய்விட்ட எஜமானிக்குச் சாப்பாடு என்றதும் கொட்டகையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. பிறகு கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நாடகத்தை எழுதியவர் உள்ளே ஓடிவந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று பின்னி ஒதுங்க, அவரோ கட்டிப்பிடித்துக்கொண்டார். "இனிமே தினமும் இதையே சொல்லுங்க, மிஸ்டர் பின்னி!"

மறுநாள் காலை அவித்த முட்டை ஆறிக்கொண்டிருந்தது. பேப்பர்களெல்லாம் புகழ்ந்திருந்தன. பின்னி அவற்றைத் தொடவில்லை.

"காலம் பூரா சாப்பாடு தயார்னே சொன்னேன், எட்னா. ஒரே ஒரு தடவை வேற வசனம் குடுத்தாங்க. அதையும் நானே தொலைச்சுட்டேன்."

எட்னா நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, தியேட்டரில் உட்காருவதுபோல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லு. இனி எந்த நாடகமும் படுக்காது."

பின்னி மீசையைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய் நின்றார்.

"விளக்கையெல்லாம் அணைச்சாச்சு. இனி நான் கொஞ்சம் உட்காரலாமா?"

எட்னா கை வலிக்கத் தட்டினாள். பிறகு எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.