பட்டியலில் இல்லாத தகப்பன்

செவ்வாய்க்கிழமை வந்தால் அந்தப் பட்டியல். நினைத்தாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

நான் மொன்றியலில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறவள். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு யூதக் கிழவி. எண்பத்தெட்டு வயது. அவர் தாயின் வயிற்றில் இருந்தபோது, மரம் வெட்டப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத் தகப்பன் ஸ்பெயினுக்குப் போய்விட்டாராம், அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் தொண்டராகச் சண்டை பிடிக்க. திரும்பி வரவேயில்லை. அப்படிப் போய்ச் செத்தவர்களின் பெயர்கள் ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கின்றன. கிழவிக்குக் கண் மங்கல். நான்தான் வாசிக்க வேண்டும். சூப் ஆறிப்போகும், அடுத்த வீட்டுக்குப் போகிற பஸ்ஸும் போய்விடும். அவருக்கென்ன! "முதலிலிருந்து வாசி" என்பார்.

தகப்பனின் பெயர் அதில் இல்லை. போன கிழமை இல்லாத பெயர் இந்தக் கிழமை முளைக்குமா? நான் "இல்லை" என்றதும், "கெட்ட மனிதன், எங்கேயோ இன்னொரு குடும்பத்தோடு வாழ்ந்திருக்கிறான்" என்று ஏசுவார். பிறகுதான் சூப் இறங்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் வெடித்துவிட்டேன். "சொந்தப் பெயரிலா போயிருப்பார்? அப்போது அங்கே போவதே சட்டவிரோதம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இலங்கையில் எங்கள் ஊரில் சண்டை பிடிக்க இயக்கத்துக்குப் போன பிள்ளைகள் முதல் வேலையாகப் பெயரை மாற்றினார்கள், வீட்டுக்காரருக்கு ஆபத்து வரக்கூடாதென்று. என் அண்ணனின் இயக்கப் பெயரே அவன் செத்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். உங்கள் அப்பாவும் வேறு பெயரில் இதற்குள்தான் இருப்பார்!"

பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. கிழவி புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அன்று ஏசவில்லை. சூப்பும் குடிக்கவில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனுசன் தலையில் கை வைத்தார்.

"உனக்கேனப்பா உந்தத் தேவையில்லாத வேலை? அந்த மனுசி தேப்பன் எங்கையோ உயிரோட இருந்தவர் எண்டு தன்ரபாட்டில ஏசிக்கொண்டு இருந்தது. நீ போய் அவரைச் சாகடிச்சுப்போட்டு வந்திருக்கிறாய்."

"ஓம், நான்தான் சுட்டனான்!" என்று கத்தினேன். ஆனால் என் வாயை எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் புத்தகம் வெளியே வரவில்லை. மேசையில், செத்தவர்களுக்காக அவர்கள் ஏற்றுகிற மெழுகுதிரி ஒரு கண்ணாடிக் குவளைக்குள் இருந்தது.

"அப்பா செத்தது எந்த நாள் என்று தெரியாது. இன்றைக்கே ஏற்று" என்றார். ஏற்றினேன்.

கிழவி என் கையைப் பிடித்தார். "இத்தனை வருஷமும் அவரை ஏசிவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட?"