பேசாத நாட்களில் என் பையும் அவள் மடியும்

பள்ளிக்கூட வாழ்க்கை என்றால் சினிமாவில் காதல், அடிதடி, மரத்தடிப் பாட்டு என்று என்னென்னவோ காட்டுவார்கள். பிளஸ் டூவில் எனக்கு வாய்த்ததெல்லாம் ஒரு பேருந்தும் ஒரு சண்டையும்தான்.

பேருந்து அஞ்சுகிராமத்தில் புறப்பட்டு சுசீந்திரம் வழியாக நாகர்கோவிலுக்குப் போகும். என் உயிர்த்தோழி அஞ்சுகிராமத்துப் பெண். காலி வண்டியில் ஏறுவதால் ராணி மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்து வருவாள். நான் சுசீந்திரத்தில் ஏறும்போது காலை ஊன்றவே இடம் இருக்காது. பெண்களுக்குக் கட்டணமில்லாத வண்டி வேறு, கேட்கவா வேண்டும்! எங்கள் பேருந்துகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தெரிந்தவரா தெரியாதவரா என்ற பேச்சே இல்லை. என் பைக்கு அவள் மடி என்று ஆறாம் வகுப்பிலேயே முடிவாகிவிட்டது.

சண்டை வந்தது ஆண்டு விழா நடனத்தில். புடவை பச்சை என்றேன் நான். அரக்குச் சிவப்பு என்றாள் அவள். வகுப்பே இரண்டாகப் பிரிந்து நின்றது. கடைசியில் டீச்சர் வந்து, மஞ்சள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எல்லாம் உன்னால்தான் என்று அவளும், இல்லை உன்னால்தான் என்று நானும் கத்தியதோடு பேச்சு நின்றது. மேடையில் மட்டும் மஞ்சள் கட்டி, கைகோர்த்து, பல்லைக் காட்டிக்கொண்டு ஆடினோம். இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம்.

வாட்ஸ்அப்பில் அவள் என்னை பிளாக் செய்தாள். நான் விடுவேனா? அவள் வைக்கும் ஸ்டேட்டஸை இன்னொருத்தியின் போனில் பார்த்துக்கொண்டேன். அவளுக்குப் பிடிக்குமே என்று அம்மாவை நச்சரித்து நெத்திலி பொரித்துக் கொண்டுபோய், மதியம் டிபன் மூடியில் எல்லோருக்கும் பொதுவாக வைப்பேன். அவள் தன் ரசத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள்.

ஆனால் பேருந்தில் மட்டும் ஒரு அதிசயம் நடந்தது. நான் பக்கத்தில் போய் நின்றால், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே கையை நீட்டுவாள். பையைக் கொடுப்பேன். இறங்கும்போது அதே மாதிரி திரும்பி வரும். சட்டம் சட்டம்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

மாசி பிறந்தது. படிப்பு விடுமுறை நெருங்கியது. தேர்வு முடிந்ததும் அவள் கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகப்போகிறாள் என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். இப்படியே பிரிந்தால் இவளை நான் இழந்ததுதான் என்று பயம் வந்துவிட்டது. நானாகப் போய்ப் பேசலாம்தான். பதினேழு வயதில் அதெல்லாம் நடக்கிற காரியமா?

ஒரு நாள் காலை நான் பேருந்தில் ஏறியபோது அவள் வேதியியல் புத்தகத்தில் முகத்தைப் புதைத்திருந்தாள். கை நீளவில்லை. ஓஹோ, அவ்வளவு ஆகிவிட்டதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முன் இருக்கையில் சாக்குப் பைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம் என் பையைக் கொடுத்தேன். கூட்டம் என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனது.

கோட்டாரில் வண்டி நின்றது. சந்தைக்கு இறங்கும் அவசரத்தில் அந்த அக்கா தன் பைகளோடு என் பையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்கு எதுவும் தெரியாது. யாரோ ஒருவரின் முழங்கைக்குக் கீழே நசுங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் கத்தல் கேட்டது.

“யக்கா! ஏ யக்கா! நில்லுங்க! அது எனக்க கூட்டுக்காரிக்க பேக்கு!”

வண்டியே திரும்பிப் பார்த்தது. என் தோழி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டியிருந்தாள். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு, “அய்யோ மக்கா, கவனிக்கல்லியே” என்று பையைத் தூக்கிக் கொடுத்தார். பை போனது, வந்தது எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. தோழிக்கு எங்கள் ஊரில் சொல்லும் கூட்டுக்காரி என்ற அந்த ஒரு சொல்லைத்தான் காது பிடித்துக்கொண்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவளிடம் போனேன். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏட்டி, எதுக்கு அழுக? பேக்குதான் வந்தாச்சுல்லா.”

“நீ பொஸ்தகந்தானே பாத்துட்டு இருந்த? எனக்க பேக்க எப்பம் பாத்த?”

“அந்த அக்காட்ட நீ குடுத்ததுலேருந்து அதத்தான் பாத்துட்டு வாறேன்” என்றாள். “உனக்க மூஞ்சியப் பாக்கமாட்டேன்னு வீம்பு பிடிச்சாச்சு. பின்ன நான் எதப் பாக்க?”