வெள்ளிக்கிழமை பீஸ் போகும் பல்பு

ஆபேலுக்கு வாரத்தில் ஒரே நாள்தான் லீவு. அந்த ஒரு நாளையும் சுண்டைக்காய் அளவு பல்பு தின்றுவிட்டது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மணி அடிக்கும்போது எலக்ட்ரீஷியன் ஆபேல் ஷாப்பில் தோலை உருட்டும் டிரம் மோட்டாருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருப்பான். வெள்ளிக்கிழமையாவது வீட்டில் காலை நீட்டலாம் என்றால், முதலாளியின் தம்பி முக்தார் அகமது ஆள் அனுப்பிவிடுவார். கர்த்தருக்கும் இல்லை, கட்டினவளுக்கும் இல்லை, இது என்ன பிழைப்பு என்று அவன் மனைவி ஜெயபுஷ்பம் கேட்பாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

எண்பத்திரண்டில் ஜெர்மனியிலிருந்து பழைய தோல் மிஷின்கள் வந்த கப்பலிலேயே, காசு போட்டு ஆடும் மிஷின்கள் மூன்றையும் முக்தார் பாய் வரவழைத்தார். பஜார் தெருவில் ஒரு கூடத்தைப் பிடித்து அவற்றை நிறுத்திவைத்தார். எட்டணா போட்டுப் பொத்தானை அழுத்தினால் இரும்புக் குண்டு வெளியே வரும், அதைக் கீழே விழாமல் தட்டி ஆட வேண்டும். மிஷினுக்கு இரண்டு பொத்தான், ஒவ்வொன்றுக்குள்ளும் எந்நேரமும் எரியும் ஒரு பல்பு. மொத்தம் ஆறே பல்பு. அதற்குப் பதில் ஆறு எருமையை மேய்த்திருந்தால் பாலாவது கிடைத்திருக்கும்.

பல்பு பீஸ் போனாலும் பொத்தான் வேலை செய்யும். இதை ஆம்பூரில் எவனும் நம்பவில்லை. காசைப் போடுவான், பொத்தான் இருட்டாகக் கிடப்பதைப் பார்ப்பான், மிஷின் காசை முழுங்கிவிட்டது என்று உதைப்பான். அழுத்திப் பார்க்கமாட்டான். 'விளக்கு இல்லாவிட்டாலும் அழுத்தவும்' என்று ஆபேல் தமிழிலும் உருதுவிலும் எழுதி ஒட்டிவைத்தான். அதைப் படித்துவிட்டும் உதைத்தார்கள்.

மாற்றுவதாவது லேசான வேலையா? காசுக் கதவைத் திறந்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பல்பை அமுக்கிக் கால் சுற்று திருப்ப வேண்டும். தகர விளிம்பு மணிக்கட்டைக் கீறிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. பல்பு பீஸ் போவது வெள்ளிக்கிழமை மட்டும்தான். காலையில் ஆள் வந்து கூப்பிடுவான், ஆபேல் போய் மாற்றுவான், சாயங்காலத்துக்குள் அதிலும் இரண்டு போய்விடும். சனி முதல் வியாழன்வரை ஒன்றும் ஆகாது. மிஷினோடு வந்த சீமை பல்புகள் பாயின் மேஜைப் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. பாய்தான் எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் அவர் வாயிலிருந்து அது வந்தேவிட்டது.

"நீ கை வெக்கிற அன்னைக்குத்தான் பல்பு போவுது ஆபேலு. மத்த நாளெல்லாம் ஜோரா எரியுது. இது இன்னா கணக்கு?"

"எனக்கும் தெர்ல பாய்."

"சீமை பல்பை எடுத்துட்டு மட்டமான ரேடியோ பல்பை மாட்டுறியா?"

ஜும்மா தொழுகை முடிந்து வந்த கூட்டம், முப்பது பேர் இருக்கும், ஆட்டத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. பாய் கையை நீட்டி ஆபேலின் சட்டைப் பாக்கெட்டுக்குள் விட்டார். டெஸ்டரும் ஜெயபுஷ்பம் எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டும் வந்தன. "சும்மா பாத்தேன்" என்று இரண்டையும் திருப்பி வைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

ஆபேலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினெட்டு வருஷ வேலையில் ஷாப்பிலிருந்து ஒரு ஸ்குரூ வீட்டுக்கு வந்ததில்லை. அன்று அவன் சோற்றில் கை வைக்கவில்லை. தான் திருடன் இல்லை என்று முக்தார் பாய் தன் வாயால் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல ஷாப்பின் டிரம்களுக்கு மெயின் சுவிட்சை இறக்கினான். தெருவிலுள்ள மற்ற ஷாப்புகளும் ஒவ்வொன்றாக அடங்கின. வாட்ச்மேன் அறைக்கு மட்டும் தனி லைன். அங்கே மஞ்சளாக எரிந்த குண்டு பல்பு வெள்ளை வெளேரென்று ஆனது. பதினெட்டு வருஷமாகப் பார்த்த காட்சிதான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். மற்ற நாட்களில் ராத்திரியும் டிரம் ஓடும், கரண்ட் இறங்கியே இருக்கும். வெள்ளிக்கிழமை அத்தனை மோட்டாரும் நின்றால் ஏறாமல் என்ன செய்யும்?

நேராகக் கூடத்துக்குப் போனான்.

"பாய், ஆறு பல்பையும் புச்சா நீங்களே மாட்டுங்க. நான் கை வெக்கல. பூட்டி சாவியையும் நீங்களே வெச்சிக்கங்க."

பாய் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். தகரம் அவர் மணிக்கட்டையும் கீறியது. ஆபேலுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் கூடத்தைத் திறந்தார்கள். ஆறில் நாலு பீஸ். ஆபேல் மீட்டரைப் பிளக்கில் வைத்துக் காட்டினான்.

"இருநூத்தி அறுவத்தஞ்சு வோல்ட்டு. இருநூத்தி முப்பதுதான் இருக்கணும். டிரம் நின்னா கரண்ட் ஜாஸ்தி ஆவுது பாய். பல்பு தாங்காது. ஒரு ஸ்டெபிலைசர் போட்டீங்கன்னா செரியாய்டும்."

பாய் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ப ஷாப்புல டிரம்முக்கு மெயின் எறக்கறது யாரு?"

"நான்தான்."

"அப்ப எம் பல்பை பீஸாக்குனது நீதான்." வயிறு குலுங்கச் சிரித்தார். ஆபேல் சிரிக்கவில்லை. பாய் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, சாவிக்கொத்திலிருந்து மேஜைப் பெட்டிச் சாவியைக் கழற்றி நீட்டினார்.

"இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும்."

"சாவி வேணாம் பாய். நான் எடுக்கலன்னு சொல்லுங்க."

"நீ எடுக்கலப்பா. போதுமா?"

கூடத்தில் வேறு யாரும் இல்லை.

"பாக்கெட்ல கை வுட்டப்ப முப்பது பேர் இருந்தாங்க. இப்ப நீங்களும் நானும்தான் இருக்கோம். மூணு மணிக்குக் கூட்டம் வரும். அப்ப சொல்றதா இருந்தா ஆள் அனுப்புங்க, வந்து மாட்டித் தர்றேன்."

ஆபேல் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மூன்று அடித்தது, ஐந்தும் அடித்தது. ஆள் வரவில்லை.

அந்த வாரமே வேலூரிலிருந்து ஸ்டெபிலைசர் வந்து இறங்கியது. முப்பது பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்வதைவிட அது பாய்க்கு மலிவாகப் பட்டிருக்கிறது. அதன்பிறகு பல்பு போகவில்லை, ஆபேலை யாரும் கூப்பிடவும் இல்லை. இனி வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில்தான் என்று ஜெயபுஷ்பத்துக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு மாதம் கழித்து டீக்கடையில் பக்கத்து ஷாப்பு சுப்பராயன், ஆபேல் பின்னால் நிற்பது தெரியாமல், யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆபேலு போறத நிறுத்துனாரு பாரு, அதுலேர்ந்து முக்தார் பாய்கிட்ட ஒரு பல்பு பீஸ் போவல."