பீப்பாய் நிரம்பினால் ஊருக்கு

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை பல்லரோச் சந்தைக்குள் நான் நடுவழியில் நின்றுவிட்டதற்கு நீங்கள் இருவரும் நன்றாகச் சிரித்தீர்கள். "அப்பாவுக்கு பற்றரி முடிஞ்சுது" என்று சின்னவன் சொன்னான். பின்னால் மீன்பெட்டி தள்ளிக்கொண்டு வந்தவன் சத்தம் போட்ட பிறகுதான் நான் நகர்ந்தேன். என்ன என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்றேன். அது பொய். பக்கத்துக் கடையில் யாரோ பொரித்த வாழைக்காயைத் தட்டையாக நசுக்கி, இரண்டாம் முறை எண்ணெயில் போட்டார்கள். அந்த வாசனை என்னை அப்படியே பிடித்து நிறுத்திவிட்டது.

"அப்பா, ஏன் ஊருக்குத் திரும்பிப் போகேல்லை?" என்று பள்ளிக்கூட நாளிலிருந்து அடிக்கடி கேட்பீர்கள். நானும் சண்டை, வேலை, பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி என்று ஏதோ சொல்லித் தப்பிவிடுவேன். சரியான பதில் அந்த வாழைக்காயில் தொடங்குகிறது. பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மூத்தவளே, நீ மன்னாரில் அம்மாவின் இடுப்பில் இருந்தாய். நான் இங்கே ஒரு பெரிய வீட்டில் ஜன்னல் துடைத்து, நாய்க்குட்டியைக் குளிப்பாட்டி, அதனிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் லீவு. அப்போது பல்லரோவில் ஒரே ஒரு வியாபாரிதான் பச்சை வாழைக்காய் வைத்திருப்பான். அதுவும் வியாழன் மட்டும். ஒரு வியாழன் நான் போனபோது கடைசிச் சீப்புக் கிடந்தது. ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை ஒரு பெண் பிடித்தாள். தலைமுடி முழுவதும் பிளாஸ்ரிக் உருளைகளைச் சுற்றியபடி சந்தைக்கு வந்திருந்தாள்.

"சினியோரா, இது கறிக்கு" என்றேன் நான். ஏதோ கோர்ட்டில் நின்று நியாயம் சொல்கிற மாதிரி.

அவள் உருளைகள் ஆடச் சிரித்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். ஒரு தீவு என்றேன். "நானும் தீவுதான்" என்றாள். நாங்கள் நிற்கிற சிசிலியும் தீவு. மூன்று தீவுக்கு ஒரு சீப்பு வாழைக்காய். ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டோம்.

அவள் பெயர் அல்தாகிராசியா. நான் அல்தா அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கரீபியன் கடல் தீவொன்றில் இருக்கும் சாந்தோ தொமிங்கோதான் அவளுடைய ஊர். கணவன் பெயர் ராபேல். எங்கள் மன்னார்ப் பக்கத்திலும் அந்தப் பெயர் நிறைய இருப்பதால் பாதி சொந்தக்காரனாகிவிட்டான். இருவரும் அறை தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நாலாம் மாடி வீட்டில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. மற்ற அறையில் நானும் சூசை அண்ணையும் இருந்தோம். சூசை அண்ணை என்னை விடப் பத்து வயது மூத்தவர், உணவகக் குசினியில் வேலை, வாய் மட்டும் எந்நேரமும் கூர். "வரட்டும் தம்பி, சமையல் மணம் மாறினாலாவது என்ரை மூக்குக்கு லீவு கிடைக்கும்" என்றார்.

எங்களுக்குள் ஓடியது உடைந்த இத்தாலியன். அதைத் தமிழில் எழுதும்போது எல்லாரும் நம்மூர் ஆட்கள் போலப் பேசுகிறார்கள். குறை நினைக்காதீர்கள், எனக்கு அப்படித்தான் கேட்டது.

வந்து ஒரு மாதத்தில் ராபேல் சந்தையின் ஒலிவ்காய் வியாபாரியிடமிருந்து ஒரு நீலப் பிளாஸ்ரிக் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். என் நெஞ்சளவு உயரம். அவர்கள் ஊர்க்காரர் வெளிநாட்டில் இருந்தால் இப்படி ஒரு பீப்பாயில் சவர்க்காரம், துவாய், சப்பாத்து, தக்காளி ரின் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நிரம்பியதும் கப்பலில் வீட்டுக்கு அனுப்புவார்களாம். ராபேல் அதற்கு மேல் தானாக ஒரு சட்டம் போட்டிருந்தான்.

"இது நிரம்பின உடனை நாங்களும் போறம். பீப்பா கப்பலிலை, நாங்கள் பிளேனிலை. அது துறைமுகத்துக்கு வரேக்குள்ளை நான் முன்னுக்கு நிண்டு கை காட்டுவன்."

அவர்களின் மகள் யூலிக்கு எட்டு வயது. ஊரில் அல்தா அக்காவின் தங்கையோடு இருந்தாள். அவளைப் பற்றிய பேச்சு வந்தால் இருவருமே பீப்பாயைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் அறையில் கட்டில் போட்ட பிறகு ஒரு செருப்பு வைக்கக்கூட இடமில்லை. ஆகவே பீப்பாய் எங்கள் அறையில், என் கட்டிலோடு ஒட்டி நின்றது. எலுமிச்சம்பழம் போட்டு மூன்று நாள் கழுவியும் உப்புத்தண்ணீர் மணம் விடவில்லை. "அந்த ஊரிலை எல்லாரும் இனி ஒலிவ் மணக்கக் குளிக்கப் போகினம்" என்றார் சூசை அண்ணை.

பீப்பாய் நிரம்ப நிரம்ப எனக்கும் ஊர் ஆசை வந்தது. உங்கள் அம்மாவுக்கு நான் எழுதும் ஒவ்வொரு கடிதமும் "வாற வருசம் கட்டாயம் வருவன்" என்றுதான் முடியும். மூன்று வருடமாக அதே வரி. அம்மாவும் சலிக்காமல் "சரி, பாத்துக்கொண்டிருக்கிறம்" என்று எழுதுவாள். நான் போகிறதா, அவளையும், மூத்தவளே, உன்னையும் இங்கே கூப்பிடுகிறதா என்று ஒரு நாளும் நாங்கள் நேராகக் கதைத்ததில்லை. கூப்பிட்டால் ஊரை விட்டதாகிவிடும் என்று எனக்குப் பயம்.

ஒரு வியாழன் பின்னேரம் வீட்டில் நானும் அல்தா அக்காவும் மட்டும். அவள் மெதுவாக மூடியைக் கழற்றி, நாலு துவாயையும் ஒரு பை சவர்க்காரத்தையும் வெளியே எடுத்தாள். அடுத்த தெருவில் ஒருத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம்.

"ராபேலுக்குச் சொல்லாதை, தம்பி."

"ஏனக்கா? நிரம்பினால்தானே போகலாம்?"

"அதுக்காகத்தான் சொல்லாதை எண்டுறன்." கட்டிலில் இருந்துவிட்டாள். "எனக்குப் போக மனமில்லை. யூலியை இஞ்சை கூப்பிட வேணும் போலை கிடக்கு. ஆனால் அவர் தாயிட்டை மூண்டு வருசத்திலை வாறன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு வந்தவர். நான் எப்பிடித் தடுக்கிறது?"

என் கட்டிலுக்கு மேலே எங்கள் மன்னார்ப் பக்கத்து மடு மாதா படம் இருந்தது. அதைத் தொட்டுச் சத்தியம் வாங்கிவிட்டுத்தான் போனாள்.

அடுத்த கிழமையே ராபேல் தனியாக வந்தான். கோடையில் அவனுக்கு மொண்டெல்லோக் கடற்கரையில் குடை நடுகிற வேலை. காலெல்லாம் மணல். பீப்பாய்க்குள் கைவிட்டு இரண்டு சோடி சப்பாத்தை எடுத்தான். கூட வேலை செய்கிறவன் வெறுங்காலோடு சுடுமணலில் நிற்கிறானாம்.

"அல்தாவுக்கு மூச்சு விடாதை. அவள் பிள்ளையை நினைச்சு உருகிறாள். எனக்கு அங்கை போய் என்ன வேலை இருக்கு? கரும்பு ஆலையும் மூடியாச்சு. போகேல்லை எண்டு சொன்னால் பிள்ளைப் பாசமில்லாதவன் எண்டுவாள். நீ மாதாவைத் தொடு."

தொட்டேன். அதன் பிறகு கொஞ்சக் காலம் நான் மாதாவின் முகத்தைப் பார்க்காமல்தான் செபம் சொன்னேன். ஒருவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் இருவரையும் ஏமாற்றுகிற நிலை. எங்கள் கோவில் இத்தாலியச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமென்று பார்த்தால், இத்தாலியனில் பீப்பாய்க் கதையை எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை.

இதற்குள் ஒரு அதிசயம். எடுக்க எடுக்க பீப்பாய் குறையாமல் ஏறிக்கொண்டே வந்தது. மேலே பார்த்தால் அழகாக மடித்த துவாய். ஐப்பசியில் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. இருவரும் மனம் மாறித் திரும்ப நிரப்புகிறார்கள் என்று நானும் நம்பினேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. அதே கிழமை என் தலையணை காணாமல் போனது. சூசை அண்ணைதான் எடுத்தார் என்று அவரோடு மூன்று நாள் பேசவில்லை.

பீப்பாய் நிரம்பிவிட்டது என்று ராபேல் அறிவித்தான். சொல்லும்போது அவன் குரல் ஏதோ மாதிரி இருந்தது. அல்தா அக்கா "நல்லது" என்று சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டப் போனாள். வெட்ட வெங்காயம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமை கப்பல் சாமான் ஏற்றுகிறவன் வருவான், திங்கள் டிக்கெட் எடுப்பது என்று முடிவானது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோவில் ஆட்கள் பாதிப்பேர் எங்கள் வீட்டில். சூசை அண்ணை நண்டுக்கறி வைத்தார். அல்தா அக்கா வாழைக்காயை நசுக்கி நசுக்கிப் பொரித்தாள். சத்தம் கூடிப்போச்சு என்று ஏச வந்த கீழ்வீட்டு சினியோரா, மணத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய் ஒரு தட்டுக் கத்தரிக்காயோடு வந்தாள். கசற்றில் அவர்கள் ஊர்ப் பாட்டு ஓடியது. எனக்கு ஆடத் தெரியாது என்று சொல்லியும் விடவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி ஆடுகிறேன் என்று ராபேல் சொன்னான்.

லொறிக்காரன் நாலு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். நல்ல பலசாலி. பீப்பாயைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டான். "அடியிலை பிடி. முதுகு கவனம். ஒண்டு, ரெண்டு, மூண்டு!"

இருவரும் பலம் முழுவதையும் போட்டுத் தூக்கினோம். பீப்பாய் எங்கள் தலைக்கு மேலே பறந்து விளக்கில் இடித்தது. நான் பின்பக்கமாகக் கட்டிலில் விழுந்தேன். பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

"இதுக்குள்ளை என்ன, காத்தா?" என்று கேட்டான் லொறிக்காரன்.

மூடியைத் திறந்தார்கள். மேலே மூன்று துவாய். அதற்குக் கீழே கசக்கிய பழைய பத்திரிகை. ஒரு பழைய திரைச்சீலை. மறுபடியும் பத்திரிகை. அடியில் என் தலையணை.

"பாத்தியே தம்பி, உன்ரை தலையணை உனக்கு முதல் வெளிக்கிட்டிட்டுது" என்றார் சூசை அண்ணை.

அவளுக்குத் தெரியாமல் எடுத்ததை அவன் பத்திரிகையால் அடைத்திருக்கிறான். அவனுக்குத் தெரியாமல் எடுத்ததை அவள் திரைச்சீலையாலும் என் தலையணையாலும் அடைத்திருக்கிறாள். மற்றவர்தான் ஆசையாக நிரப்புகிறார் என்று இருவரும் நம்பி, போக விருப்பமில்லாமலே டிக்கெட் எடுக்கிற வரைக்கும் வந்துவிட்டார்கள்.

"நீ போட்ட சாமானெல்லாம் எங்கை?" என்றான் ராபேல்.

"நீங்கள் போட்டதெல்லாம் எங்கை?"

பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "தம்பிக்குத் தெரியும்!"

நான் மாதாவைப் பார்த்தேன்.

ராபேல் வெறும் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்ப உனக்குப் போகவேண்டாமா?"

"எனக்கு யூலி வேணும்" என்றாள் அல்தா அக்கா. "இஞ்சை வேணும்."

அவன் கண் நிறைந்துவிட்டது. பிறகு பீப்பாயைத் தாளம் போல் இரண்டு தரம் தட்டினான். அவள் சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு அறை முழுவதும் தொற்றிக்கொண்டது. லொறிக்காரன் மட்டும் கோபமாக, "இதை நான் கொண்டுபோறதோ, இல்லையோ?" என்றான். அவன் கையில் ஒரு தட்டு நண்டுக்கறி கொடுக்கப்பட்டது. அவன் இரண்டாம் தட்டு முடிப்பதற்குள் வந்திருந்தவர்களே பீப்பாயை நிரப்பிவிட்டார்கள். சினியோரா கோப்பி ரின்கள் கொண்டுவந்தாள். சூசை அண்ணை மடிப்புக் கலையாத புதுச் சாரம் ஒன்றைப் போட்டார். அடுத்த தெருவுக்குப் போன துவாய்களில் இரண்டு கூடத் திரும்பி வந்தன. சாமான் கப்பலேறும், அவர்கள் ஏறமாட்டார்கள் என்று முடிவானது. இந்தத் தடவை அதைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

பாட்டு மறுபடி தொடங்கியபோது சூசை அண்ணை என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ எப்ப, தம்பி?"

"என்ன எப்ப?"

"கடிதத்துக்குக் கடிதம் வாற வருசம், வாற வருசம் எண்டு எழுதிறாய். ஊரிலை உன்ரை மனுசி என்ன நினைக்கிறாள் எண்டு ஒருக்காலாவது கேட்டனியோ? உன்ரையும் பத்திரிகை அடைச்ச பீப்பாதான்."



யூலி அடுத்த வருடம் வந்தாள். கொஞ்சக் காலத்தில் மூவரும் வடக்கே போனார்கள். முதலில் கிறிஸ்மஸ் அட்டை வந்தது, பிறகு அதுவும் நின்றது. சூசை அண்ணை கனடாவில் பனியை ஏசிக்கொண்டிருக்கிறார். அந்த நாலாம் மாடியில் இப்போது சுற்றுலாக்காரர் வந்து தங்குகிறார்கள், நாங்கள் நாலு பேர் முட்டிக்கொண்ட குசினியில் ஒரு பூச்சாடி நிற்கிறது. வியாழன் பின்னேரங்களில் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்கு முன்னால் கூட்டமாக நின்று கடிதங்களைச் சத்தமாக வாசித்த ஆட்கள் இல்லை. ஊரிலிருந்து விமானத் தபாலில் வந்த அந்த நீலக் கடிதங்களும் இல்லை. பல்லரோவில் இப்போது நாலைந்து கடையில் பச்சை வாழைக்காய் குவிந்து கிடக்கிறது. அதன் மறுமுனையைப் பிடித்து இழுக்க ஒருவரும் வருவதில்லை.

உங்கள் அம்மாவுக்கும் சொல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த ஞாயிறு பின்னேரம், மேலே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, நான் நாலு மாடியும் தனியாக இறங்கிப் போனேன். வாசலில் வீட்டுக்கொரு பொத்தான் வைத்த அழைப்பு மணிப் பலகை இருந்தது. எல்லார் பெயரும் இருந்தது, எங்கள் பொத்தானுக்குப் பக்கத்தில் மட்டும் வெறுமை. போகப்போகிறவர்களுக்குப் பெயர் எதற்கு என்று மூன்று வருடமாக நான் எழுதவில்லை. கலண்டர் தாளில் ஒரு துண்டு கிழித்து, என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே அம்மாவின் பெயர். அதற்குக் கீழே, இடம் போதாமல் நெருக்கி, மூத்தவளே, உன் பெயர். மழைக்கு அழியாமல் மேலே செலோடேப் ஒட்டினேன். பிறகு அந்தப் பொத்தானை ஒருதரம் அழுத்தினேன். மேலே இருந்த சத்தத்தில் ஒருவருக்கும் கேட்டிருக்காது.