மகளுக்கென்று வாங்கிய ரீல்

அப்பா ஆண்டவருக்குள் துயில்கொண்டு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அப்பாவின் நற்குணங்களை எழுதித் தரும்படி தம்பி கேட்டான். உழைப்பும் நேர்மையும் செபமும் நீங்கள் அறிந்தவைதாம். எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெட்கம். அப்பா பட்ட வெட்கம், அருகில் நின்று நான் பட்ட வெட்கம். அதையே எழுதுகிறேன். அப்பா பொறுத்துக்கொள்வார்களாக.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊரொன்றில், வள்ளக்காரர் குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அப்பா பிறந்தார்கள். குடும்பத்தின் வள்ளம் புயலில் உடைந்ததும் படிப்பை விட்டுத் துறைமுகத்தில் சேர்ந்து, கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டினார்கள். அம்மா சீக்கிரமே போய்விட, எங்கள் இருவரையும் ஒற்றை ஆளாக வளர்த்தார்கள். நாசரேத்தில் நான் விளையாட்டு ஆசிரியையாக இருப்பது அந்த வின்ச்சின் புண்ணியம். ஆனாலும் கடல் அவர்களை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் வள்ளம் இறங்காது. பூசை முடிந்து ஊரே கரையில் ஓய்வாக நிற்கையில், அப்பா மட்டும் அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவின் கற்களில் ஏறி, பெரிய பாறை மீனுக்கு லூர் வீசுவார்கள். பொழுதுபோக்குக்கு வீசினால் பாவமில்லை என்று சாமியாரிடமே கேட்டு வைத்திருந்தார்கள்!

லூர் என்பது பொய் மீன். அப்பாவுடையது சாண் நீளத்துக்கும் மேல். அதன் வாயில் அகலமான தகடு இருக்கும். இழுக்கும்போது அது தண்ணீரை முட்டித் தள்ளுவதால், மீன் மாட்டாமலேயே மாட்டியதுபோல் கனக்கும். அதற்கு, தூண்டில் நூலைச் சுற்றும் ரீல் கியர் குறைந்ததாக இருக்க வேண்டும். ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் நூல்தான் ஏறும், ஆனால் கை நோகாது. அப்பாவிடம் இருந்ததோ வேகமான ரீல். கனத்த பாரத்தை வேகக் கியரில் தூக்கியவர்களையெல்லாம் துறைமுகத்தில் திட்டித் தீர்த்தவர்கள்தாம் அப்பா. ஆனால் எங்கள் ஊரில் நூல் தொய்ந்தால் சீலா மீன் தப்பிப் போய்விடும் என்று கை மாற்றிக் கை வேகமாக இழுத்துப் பழகியவர்கள் அதிகம். மெதுவாக இழுப்பவனைக் ‘கிழட்டுக் கை’ என்பார்கள். வின்ச்சுக்கு ஒரு நியாயம், தன் கைக்கு ஒரு நியாயம் என்று அப்பா இருந்தார்கள்.

ஓய்வு பெற்ற பின் லேசாக வாதம் வந்து வலக்கை தளர்ந்தது. நடுக்கம் தெரியாமல் அதைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். ஒருநாள் என்னைத் தூண்டில் கடைக்கு அழைத்துப் போனார்கள்.

“அண்ணாச்சி, மெதுவா ஓடுத ரீல் ஒண்ணு காட்டுங்க. பெரிய லூருக்கு.”

“யாருக்கு?”

“எம் மவளுக்குத்தான். ஆசப்படுதா. கையில வலு கெடயாது.”

பள்ளிப் பிள்ளைகளுக்குக் குண்டு எறியச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். கடைக்காரர் என் தோளைப் பார்த்தார், பிறகு அப்பாவின் சட்டைப்பையைப் பார்த்தார், ரீல்களை எடுத்து வைத்தார். கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. கடைக்காரர் நூலின் நுனியை இழுத்துப் பிடிக்க, நான் ஒவ்வொரு ரீலாகச் சுற்றினேன். “தா, நான் பாக்கேன்” என்று அப்பாவும் சுற்றினார்கள். நீண்ட கைப்பிடியும் உள்ளங்கை நிறையும் குமிழும் கொண்ட ஒரு ரீலில்தான் அவர்கள் கை நிற்காமல் ஓடியது.

“இது இவளுக்குச் சரியா இருக்கும்.”

வெளியே வந்து சண்டை போட்டேன். “எனக்கா கையில வலு கெடயாது?”

“ஏளா, கோவப்படாத. ஒன்னயச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். என்னயச் சொன்னா நம்பிருவான்” என்றார்கள்.

அதற்குப் பின் ஞாயிறுதோறும் ஒரு நாடகம் நடந்தது. ஊர் பார்க்க நான் ஒரு தடவை லூர் வீசுவேன். “இப்பிடியா வீசுவாவ? கொண்டா” என்று அப்பா வாங்கி, வெயில் ஏறும்வரை வீசுவார்கள். அப்பாவின் கூட்டாளி சவேரி மாமா, “டீச்சருக்குப் பாடம் இன்னும் முடியலியா?” என்று கேலி பேசுவார். கழுத்துவரை கூசும் எனக்கு.

ஒரு ஞாயிறு பெரிய பாறை மீன் அடித்தது. கரையில் நின்ற வள்ளக்காரர்கள் எல்லாரும் கற்களின்மேல் ஏறி வந்துவிட்டார்கள். அப்பா சுற்றினார்கள், மீனும் வந்தது. பாதியில் கை விட்டுப்போயிற்று. குமிழைப் பிடிக்கப் பார்த்தார்கள், விரல்கள் மடங்கவில்லை. “ஏளா, பிடி” என்றார்கள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

வாங்கிச் சுற்றினேன். பக்கத்தில் அப்பாவின் கை எல்லாருக்கும் தெரிய நடுங்கிக்கொண்டிருந்தது. ‘கிழட்டுக் கை’ என்ற வார்த்தை எப்போது காதில் விழுமோ என்று தலை குனிந்தே நின்றேன். அது வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அத்தனை பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். சவேரி மாமா கடலைக் கைநீட்டிக் காட்டி, “அன்னா போகுத கப்பலு எந்த ஊரு, லே?” என்று உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். மீன் கல்மேல் விழுந்து துடித்த பிறகே திரும்பினார்கள்.

“டீச்சரு புடிச்சிட்டாவளே!”

“ஆமா, எம் மவதான் புடிச்சா” என்றார்கள் அப்பா.

அதன் பிறகு அப்பா கடற்கரைக்கு வரவில்லை. அடுத்த வாதத்தில் படுத்தார்கள். கடைசி நாட்களில் ஒரு மாலை, பேச்சு குழறிய நிலையில் என்னைக் கூப்பிட்டார்கள்.

“அன்னைக்கு அங்கன கப்பலே இல்ல, ஏளா.”

சொல்லிவிட்டு அழுதார்கள். நானும் அழுதேன்.

அப்பாவைப் பேணிய மருத்துவருக்கும் செவிலியருக்கும், இறுதிச் செபம் சொன்ன பங்குத்தந்தைக்கும், பெட்டியைச் சுமந்த தோள்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று எங்களுக்கு முதுகு காட்டி நின்ற சவேரி மாமாவுக்கும் வள்ளக்காரர் அனைவருக்கும் நன்றி சொல்ல அப்பாவுக்கு ஆசை இருந்தது. சொன்னால் எல்லாம் தெரிந்துபோகுமே என்று வெட்கப்பட்டு, சொல்லாமலே போய்விட்டார்கள்.