எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய ஜீப்

பெரியப்பாவின் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கிறது. ஒரு கவச ஜீப்பை நான் பறிகொடுத்தது அவரால்தான். நிஜ ஜீப் இல்லை, கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் ஜீப். அதனால் என்ன? பதினோரு வயதில் அதற்காக நான் பட்ட பாட்டை நிஜ ஜீப் வைத்திருக்கிறவர்கள் யாரும் பட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீடு திருவெறும்பூரில், தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தது. பெரியப்பா வீடு ஸ்ரீரங்கத்தில். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் அப்பா என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் அங்கே விடுவார், பொழுது சாயும்போது வந்து அழைத்துப் போவார். அங்கே அண்ணனின் கம்ப்யூட்டர் இருந்தது. அண்ணன் என்றால் பெரியப்பாவின் ஒரே மகன். இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தவன், புது பைக் வாங்கிய அன்றைக்கே பைபாஸ் சாலையில் விபத்தில் இறந்துபோனான். அந்த பைக்கை வாசல் ஓரமாகத் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். அண்ணனுக்காக நானும் அழுதேன். ஆனால் அழுது முடித்த பிறகு, அந்தக் கம்ப்யூட்டர் இனிமேல் சும்மாதானே கிடக்கும் என்றும் எனக்குத் தோன்றியது. "பெரியப்பாவுக்குத் துணையா இருந்துட்டு வா" என்று அப்பா சொன்னபோது, அம்மாவை ஏமாற்றி என்னை விளையாட அனுப்புவதற்கு அப்பா கண்டுபிடித்த சாக்கு அது என்றே நம்பினேன்.

விளையாட்டில் ஒரு தீவு இருந்தது. எங்கே வேண்டுமானாலும் போகலாம், எந்த வண்டியை வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று சிடி அட்டையில் போட்டிருந்தது. சுத்தப் பொய். நல்ல வண்டி எல்லாவற்றின் மேலும் பூட்டுப் படம் தொங்கும். எதிரியின் முகாம் ஒன்றைப் பிடித்தால் ஒரு வண்டியின் பூட்டு திறக்கும். பிறகு அதை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, சேர்த்துவைத்த பாயிண்டுகளைக் கொடுத்து, பெயிண்ட், டயர், கவசத் தகடு, கூரைத் துப்பாக்கி என்று பிடித்ததை மாட்டிக்கொள்ளலாம். கவச ஜீப்புக்கான முகாம் மலையுச்சியில் இருந்தது. வாராவாரம் நான் அங்கே போய்க் குண்டடி பட்டுச் செத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு பெரியப்பா உட்கார்ந்திருப்பார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வேறு வேலை இல்லை. ஆள் இல்லாத தீவுச் சாலையில்கூட "லெஃப்ட்ல போடா, லெஃப்ட்ல போ" என்பார். வளைவு வந்தால் ஹாரன் அடிக்கச் சொல்வார். எதிரிகள் ஒளிந்திருக்கிற இடத்தில் ஹாரன் அடித்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யார் விளக்குவது? என் வீரன் சுருண்டு விழும்போதெல்லாம் தவறாமல் ஒரு கேள்வி வேறு.

"மறுபடி எந்திரிச்சிடுவானா?"

"எந்திரிச்சிடுவான் பெரியப்பா."

"நிச்சயமா?"

போன முறை விழுந்தபோதும் எழுந்தான், அதற்கு முந்தைய முறையும் எழுந்தான். அவரும் கூடவே உட்கார்ந்து பார்த்தார். ஆனாலும் அவன் எழுந்து நிற்கும்வரை அந்தக் கேள்வியை விடமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கம்ப்யூட்டர் அவருடையது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மலையுச்சி முகாமைப் பிடித்தேவிட்டேன். பூட்டு தெறித்து விழுந்தது. ஒர்க்‌ஷாப்பில் என் ஜீப் பளபளவென்று நின்றது. அதை ஒரு முறை சாலைக்கு எடுத்துவிட்டால் போதும், விளையாட்டு அதுவரை நடந்ததைத் தானாகச் சேமித்துக்கொள்ளும். ஜீப் என்றென்றைக்கும் என்னுடையதாகிவிடும். மறுநாள் பள்ளியில் யாரிடமெல்லாம் பீற்றிக்கொள்வது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். மவுஸை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். பெரியப்பா மவுஸின் மேல் தன் கையை வைத்து மூடினார்.

"ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு. புது வண்டி. ஆறு மணிக்கு மேல எடு."

ஆறு மணிக்கு மேல் அப்பா வந்துவிடுவார். அந்தத் தீவு இந்தியாவிலேயே இல்லை, அங்கே இப்போது காலைப் பொழுது, திரையில் சூரியனைப் பாருங்கள் என்று வாதாடினேன்.

"ஓட்டறது நீ இங்க உக்காந்துதானேடா?" என்றார்.

அதுவரை சும்மா இருப்பானேன், வண்டியைத் தயார் பண்ணலாம் என்று ஆரம்பித்தார். கூரைத் துப்பாக்கிக்காக நான் பாயிண்டுகளைக் கஞ்சத்தனமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அந்தத் துப்பாக்கி எதற்கு என்று கேட்டார்.

"அவங்க நம்மளைச் சுடுவாங்க பெரியப்பா."

"நாம பாட்டுக்கு ஓரமா போனா ஏன் சுடப் போறாங்க?"

இப்படிக் கேட்பவரோடு என்ன செய்வது! கறுப்பு பெயிண்ட் கூடாது, ராத்திரியில் எதிரே வருகிறவனுக்குத் தெரியாது என்று வெள்ளை அடிக்கவைத்தார். பாயிண்டு போய்விட்டது. இருப்பதிலேயே உயர்ந்த பிரேக், இருப்பதிலேயே பெரிய விளக்கு. மேலும் பாயிண்டு போனது. நம்பர் பிளேட்டில் 'BOSS' என்று எழுத நினைத்திருந்தேன். நம் ஊர் வண்டி என்று தெரிய வேண்டாமா என்று TN 48 போடச் சொன்னார். பிறகு விரல்விட்டுக் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை ஒன்பது வருகிற மாதிரி மீதி எண்களையும் அவரே சொன்னார். கடைசியாக மிஞ்சிய பாயிண்டில் அந்த வீரனுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கச் சொன்னார்.

"ஜீப்புக்கு எதுக்குப் பெரியப்பா ஹெல்மெட்?"

"இருந்துட்டுப் போகட்டும். வாங்குடா."

வாங்கினேன். எதிரிகளுக்கு நடுவே ஸ்ரீரங்கம் பதிவெண்ணோடு, ஒரு துப்பாக்கிகூட இல்லாமல், ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு ஜீப் நின்றது. எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

ஆறு அடித்ததும் பெரியப்பா எழுந்து போய் ஒரு தட்டோடு வந்தார். சந்தனம், குங்குமம், கற்பூரம், ஒரு எலுமிச்சம்பழம். சமையலறை வாசலில் பெரியம்மா வந்து நின்றார்.

"அன்னிக்கும் இதே தட்டை வச்சுக்கிட்டுத்தான் வாசல்ல நின்னீங்க" என்றார் மெதுவாக. "போதும்ங்க, அவன் சின்னப் பிள்ளை."

பெரியப்பா மானிட்டரின் நெற்றியில் பொட்டு வைத்து, ஜீப்புக்குக் கற்பூரம் காட்டினார். அடுத்தது எலுமிச்சம்பழம். அதைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து வண்டியை ஏற்ற வேண்டும். சக்கரத்துக்கு எங்கே போவது? சுற்றிலும் பார்த்தவர், கம்ப்யூட்டர் மேசையின் காலில் இருந்த குட்டிச் சக்கரத்தைக் கண்டுபிடித்தார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் பழத்தை அதன் முன்னால் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மேசையைத் தள்ளினார்.

பழம் நசுங்கியது. மேசை ஓர் அடி நகர்ந்தது. பின்னால் சுவரில் இருந்த பிளக் பிடுங்கிக்கொண்டது. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ போயிருந்தது. திரை இருண்டது.

மறுபடி பிளக்கைச் செருகி விளையாட்டைத் திறந்தபோது நான் மலையடிவாரத்தில் நின்றேன். ஜீப்பின் மேல் பழையபடி பூட்டு தொங்கியது. தரையில் உட்கார்ந்து, காலை உதைத்துக்கொண்டு அழுதேன். எல்லாம் போச்சு, வண்டி போச்சு என்று கத்தினேன்.

பெரியப்பா என்னைத் திட்டவும் இல்லை, தான் செய்ததற்கு வருத்தப்படவும் இல்லை. எனக்குப் பக்கத்தில் கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வண்டிதானேடா போச்சு? போகட்டும். நீ இருக்கியே, போதும்டா."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் இருப்பதைப் பற்றி இப்போது யார் கேட்டார்கள்? ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் பேசாமலாவது இருக்கலாம். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். சிரிப்பை அடக்கத்தான் போகிறார் என்று அவர் மேலும் கோபம் வந்தது.

அப்பா வந்தார். எலுமிச்சை வாசனை அடிக்கிற கூடத்தையும், பொட்டு வைத்த மானிட்டரையும் பார்த்தார். "வரேன் அண்ணே" என்று மட்டும் சொன்னார். அப்பா எப்போதும் ஹெல்மெட்டை ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிக்கொண்டுதான் ஓட்டுவார். பெரியப்பா வாசல்வரை வந்து "அதைத் தலையில போடேன்டா" என்பார், அப்பா "பக்கத்துலதானே அண்ணே" என்று கிளம்பிவிடுவார். அன்றைக்கு பெரியப்பா வாசலுக்கே வரவில்லை. தார்ப்பாய் போர்த்திய பைக்கைத் தாண்டி நாங்கள் வெளியே வந்தோம்.

வழியெல்லாம் நான் புகார் சொன்னேன். ராகு காலம், வெள்ளை பெயிண்ட், ஹெல்மெட், கற்பூரம், எலுமிச்சம்பழம், எதையும் விடவில்லை. "இல்லாத வண்டிக்கு யாராவது பூஜை போடுவாங்களாப்பா?" என்று அப்பாவின் முதுகில் குத்திக் கேட்டேன்.

காவிரிப் பாலத்தின் நடுவில் அப்பா ஸ்கூட்டரை ஓரம் கட்டினார். பிறகு கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, கழுத்துக்குக் கீழே வாரைப் பூட்டிக்கொண்டார்.

பாலத்தின் முனையில் போலீஸ் நிற்கிறதாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஜீப்பைப் பற்றி அப்பாவும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் குடும்பத்தில் யாருக்குமே என் கஷ்டம் புரியாது என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு, வீடு வரும்வரை நான் அவரோடு பேசவே இல்லை.